வண்டி சொல்வதைக் கேளுங்கள் – 14: காருக்குள் புகை வாசனை

2017 ஜூலையில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் போலீஸ், தன்னிடமிருந்த ஏறக்குறைய 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகளை மொத்தமாக ஓரங்கட்டியது. வண்டிக்குள் புகை வாசனை அடித்தது. ஓட்டிய போலீஸ்காரர்களுக்குத் தலைசுற்றல், குமட்டல். அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை 2016லேயே இந்த மாடலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தது. விசாரணை முடிய 2023 ஜனவரி ஆகிவிட்டது. கார்பன் மோனாக்சைடு அளவு கூடியிருந்தவை இரண்டு வகை வண்டிகள்தான் என்று அப்போது தெரிந்தது. ஒன்று, பின்பக்கம் இடிபட்டுப் பழுது பார்த்தபோது சரியாக சீல் செய்யப்படாதவை. மற்றொன்று, போலீஸ் விளக்குக்கும் ஒயருக்கும் துளை போட்டுவிட்டு அடைக்காமல் விட்டவை.

புகை வெளியேறும் இடம் ஒன்று, அது உள்ளே நுழையும் இடம் ஒன்று. நம் ஒர்க் ஷாப்களில் முதலாவதைத் தேடுகிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. சைலன்சரை மாற்றிய பிறகும் வாசனை போகவில்லை என்று பலர் அலைவது இதனால்தான்.

வாசனை வந்ததும் பெர்ஃப்யூம் பாட்டில் வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் மூக்கில் ஏறுவது அதனுடன் சேர்ந்து வரும் அரைகுறையாக எரிந்த எரிபொருளின் நெடி. அந்த நெடி நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சற்று நேரத்தில் மூக்குக்கு நெடி பழகிவிடும். ரத்தத்துக்கு எதுவும் பழகாது.

முதலில் என்ன வாசனை என்று பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ, எரிபொருள் அதிகமாகப் பாய்வதையோ சந்தேகிக்கலாம். எண்ணெய் கருகும் வாசனை, டேப்பட் கவர் பேக்கிங் வழியாக ஆயில் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டுவதால் வரும். பச்சைப் பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். கண் எரிச்சலோடு வரும் சைலன்சர் புகை நெடிதான் இந்த வாரம் நாம் தேடுவது.

அதைத் தேட நல்ல நேரம் விடிகாலை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருந்தாலோ மேனிஃபோல்டில் கீறல் இருந்தாலோ ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சூடு ஏறியதும் உலோகம் விரிந்து அந்த இடைவெளி அடைபடும், சத்தமும் நின்றுவிடும். மதிய வெயிலில் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் மெக்கானிக், “ஒண்ணுமே இல்லையே சார்” என்பது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். காலையில் அவரே முதல் ஸ்டார்ட் செய்யட்டும்.

கசியும் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவென்றால், ஆறிய வண்டியின் சைலன்சர் வாய்க்குள் புளோயரால் காற்று செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். நம் ஊர் வேகத்தடைகளில் அடிவாங்கும் ஃப்ளெக்ஸ் பைப்பையும், கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்கும் சைலன்சர் பெட்டியையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் வாஷர் தேய்ந்தாலும் புகை பானெட்டுக்கடியில் கசிந்து, ஏசி காற்றோடு உள்ளே வரும்.

இனி உள்ளே வரும் வழி. டிக்கி பீடிங் ரப்பரில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. இரவில் டிக்கிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, வெளிச்சம் கசிகிறதா என்று வெளியிலிருந்து பாருங்கள். பின்விளக்கு கேஸ்கெட், தரையில் இருக்கும் ரப்பர் அடைப்புகள், ரிவர்ஸ் கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் போட்ட துளைகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. வெளியேறிய புகை அங்கேயே சுழலும். ஓட்டை இருந்தால் ஒழுங்கான சைலன்சரின் புகைகூட உள்ளே வந்துவிடும்.

ஏசி பட்டனும் துப்பு சொல்லும். நிற்கும்போது வெளிக்காற்றைத் திறந்ததும் வாசனை கூடினால், கசிவு பெரும்பாலும் இன்ஜின் பக்கம். வேகமாகப் போகையில் உள்காற்றுச் சுழற்சியில் கூடினால் பின்பக்கம். ஃபோர்டும் எக்ஸ்ப்ளோரர் வாடிக்கையாளர்களுக்குப் பின்பக்கத்தை சீல் செய்து, ஏசி மென்பொருளையும் மாற்றிக் கொடுத்தது.

கேஸ்கெட்டை மாற்றுவதும் ஃப்ளெக்ஸ் பைப்பை வெட்டிப் புதிது வைத்து வெல்டு செய்வதும் பெரிய வேலையல்ல. சைலன்சரில் பேண்டேஜ் சுற்றுவது ஒர்க் ஷாப் போய்ச் சேரும்வரைதான். ‘கன்வெர்ட்டரைக் கழற்றிடலாம், மைலேஜ் கூடும்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் உறுப்பே அதுதான். புகைப் பரிசோதனைச் சான்றிதழை நம்பியும் இருக்கவேண்டாம். அது சைலன்சர் வாயில் வரும் புகையை மட்டுமே அளக்கிறது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு நிறுத்திய காரில் தூங்காதீர்கள். ஓட்டும்போது தலைவலியோ குமட்டலோ வந்தால் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போனால், காருக்குள் புகை வந்தது என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே கணக்கிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிவிடும்.

(தொடரும்)