இலவசக் கண் முகாம்: சிகிச்சை இலவசம், உரிமை அப்படியே

வெளிநாட்டு உதவியோடு நடக்கும் இலவசக் கண் சிகிச்சை தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் பிழைப்பையே மீட்டுத் தந்திருக்கிறது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை துணைநின்றது. 1992இல் அங்கு உருவான ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலையை ஏழைக்கும் எட்டும்படி இறக்கியது. புரையால் திண்ணையோடு முடங்கியவர் மறுபடி வேலைக்குப் போகிறார். அவருக்குத் துணையிருந்தவரின் கூலியும் மிச்சமாகிறது.

கெடுதல் அறுவைக்குப் பின்னால்தான் பெரும்பாலும் நேர்கிறது. கண் சிவந்து, வலி கூடி, பார்வை மங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூடக் கண்ணைப் பறித்துவிடும். ஆனாலும், 'இலவசமாகச் செய்தார்கள், போய்க் கேட்பது முறையா?' என்று பலர் தயங்கி, மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டு மறு பரிசோதனை நாள்வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே, அறுவை செய்த மருத்துவமனைக்கோ, அது தொலைவென்றால் அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்கோ போயாக வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் பரிசோதனை மட்டும் நடக்கலாம். அறுவை, முறையான அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில்தான். 2014இல் பஞ்சாபின் குமான் ஊரில் நடந்த முகாமில் முதியவர்கள் பலர் பார்வை இழந்த பிறகும், எங்கே அறுவை என்று கேட்காமலே வேனில் ஏறுவோர் உண்டு. வெளிநாட்டு மருத்துவர் கத்தி பிடிப்பதானால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவு வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவது ஒப்புதலே ஆகாது.

டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்கக் கூடாது. அறுவை நாள், எந்தக் கண், மருத்துவர் பெயர், லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டுமுன் பார்க்க வேண்டும். முழு மருத்துவக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை பெற வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கேட்டது எங்கும் நிற்காது.

புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். மருத்துவரின் நடத்தை குறித்தது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் போகும். 'அது எங்கள் வேலையில்லை, முகாம் நடத்தியவரைப் பாருங்கள்' என்று அலையவிடும் அலுவலகத்தில் பதிலை எழுத்தில் கேட்பதே வழி.

இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இலவச நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பாதி உண்மை. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் தெளிவாகச் சொன்னது: எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் மருத்துவமனைதான் சட்டத்துக்கு வெளியே நிற்கும், சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்தால் இலவச நோயாளியும் நுகர்வோரே. பல கண் மருத்துவமனைகள் இந்த இரண்டாம் வகை. ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. சமாதானம் பேசுகிறோம் என்று யார் சொன்னாலும் அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது. எல்லோருக்கும் இலவசமான இடமானால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.