வயிரமும் வெள்ளையும்

சில ஆண்டுகளுக்கு முன் புத்தக அலுமாரி ஒன்று செய்விக்க எண்ணித் தச்சர் ஒருவரிடம் சென்றோம். பூவரசம் பலகைகளைப் புரட்டிக் காட்டிய அவர், "வைரம் மட்டும் போடவோ ஐயா, வெள்ளையும் சேரலாமோ?" என்று கேட்டார். வினா விளங்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள நாணி, "உங்கள் விருப்பம்" என்றோம். இரண்டு மாரி கழியுமுன் அலுமாரியின் வெளிர்நிறப் பகுதியெல்லாம் உளுத்து மாவாய் உதிர்ந்தது; கருஞ்சிவப்பான பகுதிக்கு ஒன்றும் நேரவில்லை.

மரத்தின் புறத்தேயுள்ள வெள்ளை, நீரைக் கடத்தும் பகுதி. அதில் மாப்பொருள் உண்டு. பூச்சி அதைத் தேடியே துளைக்கின்றது. வயிரமோ கலங்கள் இறந்து இறுகிய உட்பகுதி. அங்கே படிந்துள்ள பொருள்கள் பூச்சிக்கு ஒவ்வாதவை.

வயிரத்தைக் காழ் என்பது பழைய வழக்கு. அகத்தே காழுடையவற்றை மரமென்றும், புறத்தே காழுடையவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலிற் பிரித்துள்ளார். அவ்வகையிற் பனையும் தென்னையும் புல்லே! யாழ்ப்பாணத்திற் பனை பிளப்போர் சோறான நடுவைக் கழித்து, புறத்தையே வளைக்கும் சிலாகைக்கும் எடுப்பது இதனாலன்றோ? இன்றைய தாவரநூலாரும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே வகுக்கின்றனர்.

அச்சூத்திரத்தை வகுப்பிலே பல ஆண்டு விரித்துரைத்தவர் நாமே. அதே பொருள் பட்டறையில் வேறு சொல்லில் வந்தபோது திகைத்து நின்றவரும் நாமே.

மறுமுறை அதே தச்சரிடம் சென்று, "வைரம் மட்டும்" என்றோம். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, முன்னையதிலும் ஒன்றரை மடங்கு விலை சொன்னார்.