டிராக்டரின் ஜாயிண்ட் தண்டும் மறைந்திருக்கும் நிப்பிளும்

மேல்சித்தாமூர் என்றதும் பார்சுவநாதர் கோயிலும் சமண மடமும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். சுற்றியுள்ள கொல்லைகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. மல்லாட்டை போட மழை விழுந்துவிட்டால் அங்கே பொழுது சாயும்வரை ரோட்டவேட்டர் சத்தம்தான். சென்ற விடுமுறையில் நாங்கள் மூவரும் வரப்பில் நின்று பார்த்ததையும், பின்பு கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

டிராக்டரின் பின்புறத்தில் பி.டி.ஓ. என்னும் குட்டையான அச்சு நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ரோட்டவேட்டருக்குச் சக்தியைக் கொண்டுபோவதுதான் ஜாயிண்ட் தண்டு. டிராக்டரும் கருவியும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. ஆகவே தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும். நம் கை இரண்டையும் கவைபோல வைத்து, நடுவே கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்பைப் பிடித்துக்கொண்டதாக நினைத்துப் பாருங்கள். அந்த இரும்பைத்தான் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்கிறார்கள். அதன் நான்கு முனைகளும் நான்கு கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகளின்மேல் அசைகின்றன. இத்தாலியரான கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவில் இம்மூட்டு அறியப்படுகிறது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதைப் பற்றி 1676-இல் எழுதினார். அவர் எண்ணியது வானியல் கருவிகளை. நம் ஊர் உழவை அல்ல!

இம்மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. கோணம் கூடக்கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடும். கொல்லையின் ஓரத்தில் திரும்பும்போது ரோட்டவேட்டரைத் தூக்குகிறார்கள் அல்லவா? பி.டி.ஓ.வை நிறுத்தாமல் தூக்கினால் ‘கடகட’ என்று கேட்பது இதனால்தான். அப்போது கிராஸ் படும் பாடு கொஞ்சமன்று. கிரீஸ் வற்றியிருந்தால் ஊசி உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தித் தடம் பதிக்கும். கிண்ணத்தின் விளிம்பில் செந்நிறத் துருத்தூள் தெரியும். பிறகு ஒருநாள் கிராஸ் உடையும்.

அப்படியானால் கிரீஸ் அடிக்கவேண்டியதுதானே? எங்களுக்கும் அதுதான் தோன்றியது. டிரைவர் அண்ணனைக் கேட்டோம். “நிப்பிள் கண்ணுக்கே தெரியலைன்னா எங்கம்மா அடிக்கிறது? அதான் கவரைக் கழட்டி மோட்டார் கொட்டாயில போட்டுட்டேன்” என்றார். அவர் மேலும் குறை சொல்ல முடியவில்லை. வாடகை மணிக்கணக்கு, நிறுத்தினால் வருமானம் போகும். பெரும்பாலான தண்டுகளில் கிராஸுக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் தேவை. நிப்பிளோ மூட்டின் இடுக்கில், பிளாஸ்டிக் கவருக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கவர் எதற்காக இருக்கிறது? பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. எட்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டு ஒரு சுற்றில் 25 சென்டிமீட்டர் துணியை இழுக்கும். ஒரே நொடியில் இரண்டு மீட்டருக்குமேல்! தாவணி ஒன்று முழுதாய்ப் போய்விடும், பின்னலும் அப்படியே. எங்களில் ஒருத்தியின் மாமாவுக்குக் கைலி சிக்கியது. மட்கார்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டதாலும் துணி பழையது என்பதாலும் தப்பினார். கிழிந்த கைலியைப் பாட்டி இன்னும் எறியவில்லை.

கவரைக் கழற்றி எறியாமலே கிரீஸ் அடிக்க வழி இருக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கத்திகள் மண்ணில் பதியாதபடி ரோட்டவேட்டரைக் கட்டைகளின்மேல் இறக்கவேண்டும். இப்போது தண்டின் கோணம் குறைந்து இடுக்கு சற்று அகலும். தலைக்கு மேல் தொங்கும் பாரமும் இல்லை. பி.டி.ஓ. நெம்புகோலை விடுவித்து, தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால் நிப்பிள் கவரின் திறப்புக்கு நேரே வரும். வராவிட்டால் கொக்கியைத் தளர்த்திக் கவரைப் பின்னுக்குத் தள்ளலாம். கிரீஸ் கன்னின் வாய் நுழையவில்லையா? வளையும் ரப்பர் குழாயோ மெல்லிய மூக்கோ கடையில் கிடைக்கிறது. நிப்பிளைத் துடைத்துவிட்டே அடிக்கவேண்டும். இல்லையேல் செம்மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். நான்கு கிண்ணங்களிலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் தண்டை ஆட்டிவிட்டு மறுபடி அடித்துப் பார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்று நீளும் குழாய்களையும் மறக்கக் கூடாது.

இவற்றை அந்த அண்ணனிடம் சொல்லத் தயங்கினோம், சொன்னபோது சிரித்தார். மறுநாள் கவர் தண்டின் மேல் இருந்தது. அது கூடவே சுழலாமல் பிடித்து நிறுத்தும் சங்கிலி மட்டும் கொட்டாயில் அகப்படவில்லையாம். செஞ்சிக்குப் போகும்போது வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.