உழவுமண்ணில் ஒரு படைமுகாம்: டார்க்சி உலோகச் சிறுபொருள்கள்

வைக்கிங்குகளின் பெரும்படை கி.பி. 872–873ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை டார்க்சியில் கழித்தது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு தரும் செய்தி ஏறத்தாழ இவ்வளவே. படையின் அளவையோ முகாமின் பரப்பையோ அந்நூல் கூறவில்லை. இங்கிலாந்தின் லிங்கன்சயரில், டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரின் வயல்களில் உலோகங்காண் கருவி கொண்டு திரட்டப்பட்ட சிறுபொருள்களே அவ்வினாக்களுக்கு விடை காண வழிசெய்தன.

இதே படை அடுத்த குளிர்காலத்தில் தங்கிய ரெப்டனில், அகழாய்வின்வழி அரண் ஒன்று முன்னரே வெளிப்பட்டிருந்தது. அதன் உட்பரப்பு அரை எக்டேருக்கும் குறைவு. ‘பெரும்படை’ என்பது சில நூறு பேரே என வாதிட்டோருக்கு அது துணைநின்றது. டார்க்சியிலோ சிறுபொருள்கள் ஏறத்தாழ 55 எக்டேர் பரப்பில் பரவிக் கிடந்தன. ஜூலியன் ரிச்சர்ட்ஸ், டான் ஹேட்லி ஆகியோர் தலைமையில் நடைபெற்று 2016இல் வெளிவந்த ஆய்வு இப்பரவலையே அடிப்படையாகக் கொண்டது.

கிடைத்தவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட அரபுத் திர்ஹத் துண்டுகள் முதன்மையானவை. நாணயத்தை முகமதிப்பில் வழங்காது, வெட்டி எடையிட்டு வெள்ளியாகவே மாற்றிக்கொண்டதற்கு இவையும் உடன்கிடைத்த எடைக்கற்களும் சான்றாகும். திர்ஹங்கள் ஆண்டுப் பொறிப்புடையவை. அவற்றுள் பிந்தியவை 860களைச் சேர்ந்தவை. எனவே முகாமின் காலத்தை இவை ஆண்டுக்குறிப்பைச் சாராமலே உறுதிசெய்கின்றன. ஏறத்தாழ 300 ஈய ஆட்டக்காய்கள் குளிர்காலப் பொழுதுபோக்கைக் காட்டுகின்றன. நூற்கதிர்க் குண்டுகளும் ஊசிகளும் அங்குப் போர்வீரர் மட்டுமே தங்கினர் என்னும் கருத்தை ஐயத்திற்குரியதாக்குகின்றன.

உழவுமண்ணில் மண்ணடுக்கு ஏற்கெனவே கலைந்துவிட்டது. ஆகவே அங்குக் கிடைக்கும் பொருளுக்குச் சான்றுமதிப்பு இல்லை என்பது பழைய நிலைப்பாடு. அது பாதி உண்மையே. கலப்பை பொருளை அடுக்கிலிருந்து பெயர்த்தாலும், பெரும்பாலும் வெகுதொலைவு இழுத்துச் செல்வதில்லை. செங்குத்து நிலை அழிந்த பின்னும் கிடைநிலைப் பரவல் ஓரளவு எஞ்சுகிறது. தனியே எடுத்துப் பார்த்தால் ஈய ஆட்டக்காய் ஒன்று எதையும் கூறாது. முந்நூறும் எந்தெந்த இடத்தில் கிடைத்தன எனக் குறிக்கப்பட்டபோதே அவை முகாமின் பரப்பைப் புலப்படுத்தின.

இங்கு ஒரு முரணைச் சுட்டவேண்டும். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பெரும்பாலும் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களையும் நாணயக் குவியல்களையும் அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. ஈயக்காய்க்கும், தனியே கிடைக்கும் ஒற்றை நாணயத்துக்கும் அக்கட்டாயம் இல்லை. 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் அவற்றைப் பதிவது கண்டெடுத்தவரின் விருப்பத்தைச் சார்ந்தது. டார்க்சியின் வரலாற்றை மாற்றி எழுதிய சான்றுகளுள் பெரும்பகுதி, சட்டம் கேட்காத இவ்வகைப் பொருள்களே.

இத்தரவுகளுக்கு வரம்பும் உண்டு. குப்பை ஆணிகளைத் தவிர்க்கும் பொருட்டுக் கருவியை இரும்புக்கு ஒலிக்காதவாறு அமைப்பது வழக்கம். ஆதலால் இரும்புப் பொருள்களின் குறைவை அக்காலத்து இன்மையாகக் கொள்ளலாகாது. மரமும் எலும்பும் கருவிக்கு அகப்படா. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சங்ககால நாணயங்களை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஆனால் அங்கு இழப்பு இன்னும் கூடுதல்: வணிகர் கைவழி வந்த நாணயத்தின் வகையையும் எழுத்தையும் படிக்கலாம், படுகையின் எப்பகுதியில், எவற்றுடன் கிடந்தது என்பதை அதிலிருந்து மீட்க இயலாது.