தங்க கோலும் ஒரு தகர டப்பாவும்

எங்கள் குடும்பம் காற்பந்து பார்க்கப் போன முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு விமானம் தேவைப்படவில்லை. உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பாலத்தை நாங்கள் நான்கு ஆண்டுகளாகத் தாண்டவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது ஜோகூர் பாருவில். தாத்தா 1993இல் இறந்த பிறகு வீட்டை விற்றார்கள். பணத்தைப் பிரிக்கும்போது அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு தடித்தது. பணத்தைவிட, வாய்தவறி விழுந்த ஒரு சொல்தான் காரணம் என்பார் அப்பா. அது என்ன சொல் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. அதோடு போக்குவரத்து நின்றது.

அதுவரை இருவரும் காற்பந்துக் கூட்டாளிகள். சிங்கப்பூரும் ஜோகூரும் மலேசியக் கிண்ணத்தில் மோதும்போது எங்கள் வீட்டு வரவேற்பறையே பாதியாகப் பிரிந்துவிடும். ஜோகூர் 1991இல் கிண்ணத்தை வென்றபோது மாமா பேசிய பேச்சை அப்பா பல மாதம் தாங்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் 1994இல் பாஹாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியபோது, பதிலுக்குப் பேச அப்பாவுக்கு எதிரே ஆளில்லை. அடுத்த ஆண்டு முதல் சிங்கப்பூர் அந்தப் போட்டியிலிருந்தே விலகிவிட்டது. அப்பாவுக்கு மச்சானும் போய், மலேசியக் கிண்ணமும் போனது.

அப்படி இருக்கையில்தான் 1997 நவம்பரில், வேலையிடத்து நண்பர் ஒருவர் மூலம் அப்பா நான்கு டிக்கெட்டுகளோடு வந்தார். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, ஈரானுக்கும் ஜப்பானுக்கும் ஒரே ஆட்டம். ஆசியாவின் கடைசிச் சுற்றில் இரண்டு பிரிவுகள். முதலிடம் பிடித்த சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் நேராக பிரான்ஸ் போய்விட்டன. இரண்டாமிடம் வந்த இந்த இரண்டும் பொதுவான இடத்தில் மோத வேண்டும். தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அந்தப் பொதுவான இடமாக அமைந்தது ஜோகூர் பாருவின் லார்க்கின் அரங்கு. மாமா வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

எனக்கு வயது பதினொன்று. பள்ளி விடுமுறை. எனக்கும் தம்பிக்கும் குதூகலம். ஆச்சரியம் அம்மாதான். காற்பந்து என்றாலே தொலைக்காட்சியை அணைக்கச் சொல்கிறவர், "நானும் வர்றேன்" என்றார். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு தகர டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் போட்டு, பழைய துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே 170ஆம் எண் பேருந்து ஏறினோம். உட்லண்ட்ஸில் இறங்கி, கடப்பிதழில் முத்திரை குத்தி, மறுபடி ஏறி, பாலத்தின் அந்தப் பக்கம் மறுபடி இறங்கி ஏறினோம். ரிங்கிட் விழுந்துகொண்டிருந்த நேரம் அது. லார்க்கின் பேருந்து நிலையத்துக் கடையில் நாலு பேர் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்ட பிறகு அப்பா கணக்குப் பார்த்துச் சிரித்தார். மாமா பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அரங்குக்குள் நுழைந்தால் எங்கும் நீலம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் பெரும்பாலோர் ஜப்பானியர். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம்: ஒரு தாத்தா, ஒரு தாய், இரண்டு பையன்கள். தோக்கியோவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார்கள். அதற்கு முன் ஜப்பான் ஒருமுறைகூட உலகக் கிண்ணத்துக்குப் போனதில்லை. 1993இல் தோஹாவில் ஈராக்குக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி வாய்ப்பைப் பறிகொடுத்தவர்கள். அந்த வலி அந்தத் தாத்தாவின் முகத்தில் அப்படியே இருந்தது. அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆட்டம் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நமக்கு ஒரு பாலம்." அப்பா திடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் நாக்காயாமா ஜப்பானின் முதல் கோலைப் போட்டார். இடைவேளை முடிந்து நாங்கள் சரியாக உட்காரும் முன்பே அஸீஸி அதைச் சமன் செய்தார். சற்று நேரத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னுக்குக் கொண்டுபோனார். ஜப்பானியப் பயிற்சியாளர் ஒக்காடா, நாக்காயாமாவையும் நட்சத்திர ஆட்டக்காரர் மியூராவையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தபோது பக்கத்துத் தாத்தா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே வந்தவர்களில் ஒருவரான ஜோ, எழுபத்தாறாவது நிமிடத்தில் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். அந்த இரவில் எங்கு பார்த்தாலும் நாக்காட்டா இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

கூடுதல் நேரம். அப்போது 'தங்க கோல்' விதி இருந்தது. யார் முதலில் போட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். நீண்ட முடியோடு ஒக்கானோ என்ற ஆட்டக்காரர் உள்ளே வந்தார். குதிரை மாதிரி ஓடினார். கிடைத்த வாய்ப்புகளை எல்லாம் வீணாக்கினார். எதிரே கோல் காவலர் மட்டும் நிற்கும்போதுகூட அவர் உதைக்காமல் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டபோது, விதி தெரியாத அம்மாகூட "அட மடப்பயலே" என்றார். 118ஆவது நிமிடம். நாக்காட்டா தொலைவிலிருந்து உதைத்தார். ஈரானியக் கோல் காவலர் அபெட்ஸாடே தடுத்தார், ஆனால் பிடிக்கவில்லை. நழுவிய பந்தின் மேல் ஒக்கானோ சறுக்கி விழுந்து உள்ளே தள்ளினார். 3-2. பயிற்சியாளர் திடலுக்குள் ஓடினார். பக்கத்துத் தாத்தா அழுதார். அவருடைய மருமகளோ மகளோ, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மாவின் மடியில் டப்பா அப்போதும் இருந்தது. தம்பி பசிக்கிறது என்று நச்சரித்தும் அவர் அதைத் திறக்கவில்லை.

ஜப்பானில் அந்த இரவை இன்றும் ஊர் பெயர் சொல்லித்தான் நினைக்கிறார்கள்: 'ஜோகூர் பாருவின் மகிழ்ச்சி'. ஈரானும் வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு வாரத்தில் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று சமன் செய்து பிரான்சுக்குப் போனது.

எங்கள் கதை பேருந்து நிலையத்தில் தொடர்ந்தது. கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பி அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான். அப்பா சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் நடக்கத் தொடங்கினார். நாலு ஆண்டு ஆகியும் வழி மறக்கவில்லை.

மாமா வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைலியோடு கதவைத் திறந்தவர் எங்கள் நாலு பேரையும் பார்த்தார். பின்னால் தொலைக்காட்சியில் நீலச் சட்டைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"கடைசி கோலைப் பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

"நேர்லயே பாத்தேன் மச்சான். ஆனா அதுக்கு முன்னாடி விட்டானே, அதைச் சொல்லுங்க."

அத்தை மைலோ கலக்கப் போனார். அம்மா டப்பாவோடு அவர் பின்னால் அடுக்களைக்குப் போனார். ஆண்கள் இருவரும் விடியும் வரை ஒக்கானோ ஏன் முதலிலேயே உதைக்கவில்லை என்று பேசினார்கள். தாத்தா வீட்டைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. தூங்கிவிட்டேனோ என்னவோ.

அதன் பிறகு கணக்கில்லாமல் பாலத்தைத் தாண்டியிருக்கிறோம். அதனால்தான் 2020 மார்ச் மாதம் எல்லை மூடப்பட்டபோது வீடே முடங்கியதுபோல் இருந்தது. அந்த இடைவெளியில் மாமாவுக்கு இதயச் சிகிச்சை நடந்தது. அம்மா கைப்பேசித் திரையில்தான் அண்ணனைப் பார்த்தார். இந்த முறை யார் மீதும் கோபம் இல்லை. அதுவே அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தது. அந்த மாதமே போனோம். நோன்பு மாதம். ஆசியச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் ஜோகூரில் நடந்துகொண்டிருந்தன. மாமா ஜோகூர் டாருல் தாக்சிம் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அத்தை எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது லார்க்கின் இல்லை. இஸ்கந்தர் புத்ரியில் 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராகிம் அரங்கு. வாழையிலை வடிவத்தை ஒட்டி அமைத்தது என்று மாமா என் மகளுக்கு விளக்கினார். "சாப்பாடு எங்கே?" என்றாள் அவள்.

தென்கொரியாவின் உல்சானுக்கு எதிராக 2-1. வெற்றி கோல் கடைசி நேரத்தில் உல்சான் ஆட்டக்காரர் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது. அப்பாவுக்குப் போதாதா! "இதெல்லாம் ஒரு கோலா மச்சான்?" என்று தொடங்கியவர் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. மாமா சிரித்துச் சிரித்து மார்பைப் பிடித்துக்கொண்டபோது எனக்குத்தான் பயமாக இருந்தது.

அம்மா அரங்குக்கு வரவில்லை. இரண்டு மணி நேரம் பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பதற்கு அண்ணியோடு பேசலாம் என்றார். நாங்கள் திரும்பியபோது இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தகர டப்பா அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அத்தை அதில் துவரம் பருப்பு போட்டு வைத்திருக்கிறார்.