ஏற்றத்தில் எஞ்சின் வலு குறைவது ஏன்? – பழுதறிதலும் பரிகாரமும்

மாணவர்களே, சமதரையில் குறையின்றி ஓடும் கார் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்திலோ இறம்பொடைப் பாதையிலோ திணறுவதை நீங்கள் கண்டிருக்கலாம். "ஏற்றத்தில் மட்டும்தான் பழுது" எனச் சாரதிகள் கூறுவர். பெரும்பாலும் அப்பழுது சமதரையிலும் உள்ளது. ஏற்றம் அதனை வெளிக்காட்டுகின்றது. இவ்வுண்மையை விளங்கிக்கொண்டால் பழுதறிதல் தொடர்பான வினாக்களுக்கு மனனம் செய்யாமலே விடையளிக்கலாம்.

1. ஏற்றத்தில் எவ்வளவு வலு தேவை?

வலு = விசை × வேகம் என்பதை நினைவுகூர்க. காரின் திணிவு 1000 கிலோகிராம், வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் (செக்கனுக்கு 10 மீற்றர்), உராய்வும் வளித்தடையும் சேர்ந்து 300 நியூற்றன் எனக் கொள்வோம்.

சமதரையில் தேவையான வலு = 300 × 10 = 3000 வாற்று = 3 கிலோவாற்று

பாதை வழியே 10 மீற்றர் செல்லும்போது 1 மீற்றர் உயரும் ஏற்றத்தில், காரின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அதனைப் பின்னோக்கி இழுக்கும். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் இவ்விசை 1000 நியூற்றன் ஆகும்.

ஏற்றத்தில் தேவையான வலு = 1300 × 10 = 13000 வாற்று = 13 கிலோவாற்று

நல்ல நிலையில் 20 கிலோவாற்று வழங்கிய எஞ்சின், பழுதினால் 12 கிலோவாற்று மட்டுமே வழங்குகின்றது எனக் கொள்க. சமதரையில் 3 கிலோவாற்றே தேவையாதலால் சாரதி குறையை உணரமாட்டார். ஏற்றத்திலோ 1 கிலோவாற்று போதாமல் காரின் வேகம் குறையும்.

2. பழுதல்லாத வலுக்குறைவு

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகும். உருளையினுள் புகும் வளியின் திணிவு குறைவதால் வலுவும் குறையும். இது இயல்பானது. ஆனால் தாழ்ந்த பிரதேசத்து ஏற்றத்திலேயே கார் திணறினால், உயரத்தைக் காரணமாகக் கூற முடியாது.

3. முதலில் கேட்கவேண்டிய வினா

வலு உருவாகவில்லையா? அல்லது உருவான வலு சில்லுகளைச் சென்றடையவில்லையா?

• எஞ்சினின் சுற்றுவேகம் உயர்ந்தும் காரின் வேகம் உயராவிடின், கிளச் வழுக்குகின்றது. கருகிய மணமும் வீசலாம். மிதியின் வெற்றசைவைச் சீராக்குக. தட்டு தேய்ந்திருப்பின் மாற்றுக.
• பயணத்தின் பின் ஒரு சில்லு மட்டும் ஏனையவற்றைவிட அதிகம் சூடாக இருப்பின், அதன் பிறேக் விடுபடாமல் உராய்வதாகச் சந்தேகிக்கலாம்.
• ஆர்முடுக்கி மிதியை முழுமையாக அழுத்தியும் சுற்றுவேகமும் காரின் வேகமும் சேர்ந்தே குறையுமாயின், மேற்கூறியவாறு பிறேக் உராயவில்லை என உறுதிசெய்தபின் எஞ்சினைச் சோதிக்க.

4. பெற்றோல் எஞ்சினைச் சோதிக்கும் ஒழுங்கு

இலகுவானதும் செலவு குறைந்ததுமான சோதனையை முதலில் செய்க. சோதிக்காமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவாகும்.

(அ) வளி: வளி வடிகட்டி தூசியால் அடைபட்டுள்ளதா எனப் பார்க்க. அடைபட்ட கடதாசி வடிகட்டியைக் கழுவாது புதியதாக மாற்றுக.

(ஆ) எரிபொருள்: ஏற்றத்தில் எரிபொருள் அதிகமாகத் தேவைப்படும். வடிகட்டி பகுதியாக அடைபட்டிருப்பினும் பம்பி நலிவடைந்திருப்பினும் சமதரைக்குப் போதுமான எரிபொருள் கிடைக்கும், ஏற்றத்திற்குப் போதாது. தாங்கியின் மூடியைத் திறந்தவுடன் நிலைமை சீரானால், தாங்கிக்கு வளி செல்லும் வழி அடைபட்டிருக்கலாம். பம்பியை அமுக்கமானியால் சோதிக்க.

(இ) எரிபற்றல்: சுமை கூடும்போது உருளையினுள் அமுக்கம் உயரும். அப்போது தீப்பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் தேவை. எனவே நலிந்த சுருள், பழுதடைந்த உயரழுத்தக் கம்பி, இடைவெளி கூடிய பிளக் என்பன ஏற்றத்திலேயே எஞ்சினை விட்டுவிட்டு இயங்கச் செய்யும். பிளக்கின் இடைவெளியைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்குச் சீராக்குக.

(ஈ) நெருக்கல்: ஒவ்வோர் உருளையினதும் நெருக்கல் அமுக்கத்தை அளக்க. அமுக்கம் குறைந்த உருளையினுள் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் இட்டு மீண்டும் அளக்க. வாசிப்பு உயர்ந்தால் முசல வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வுகளிலோ உருளைத்தலைக் கஸ்கெற்றிலோ கசிவு உண்டு.

(உ) வெளியேற்றல்: புகைபோக்கித் தொகுதி அல்லது அதிலுள்ள ஊக்கல் மாற்றி அடைபட்டிருப்பின், கழிவு வாயு வெளியேற முடியாது, புதிய கலவையும் போதியளவு உட்புகாது.

கணினிக் கட்டுப்பாடுள்ள கார்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பழுதுக் குறியீட்டை வாசிக்கலாம். அக்குறியீடு சோதிக்கவேண்டிய பகுதியைக் காட்டுமேயன்றி, மாற்றவேண்டிய பாகத்தை உறுதிப்படுத்தாது.

5. பாதுகாப்பு

ஏற்றத்தில் கார் திணறினால் உரிய காலத்தில் குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். நின்றுவிட்டால் கைப்பிறேக்கை இட்டு, சில்லுகளுக்குப் பின்னால் கட்டை வைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் எஞ்சின் மூடியைத் திறக்கலாகாது. பின்னோக்கி உருளும் கார் உயிரைப் பறிக்கக்கூடும். சூடான கதிர்த்தியின் மூடியைத் திறக்கவேண்டாம். எரிபொருள் வேலையின்போது அருகில் தீ இருக்கலாகாது.

மாதிரி வினா

பெற்றோல் கார் ஒன்று ஏற்றத்தில் சிறிது தூரம் சென்றதும் வலுவிழக்கின்றது. எஞ்சினின் சுற்றுவேகமும் குறைகின்றது. சில நிமிடங்கள் நிறுத்தியபின் மீண்டும் சிறிது தூரம் செல்கின்றது. காரணம் யாதாக இருக்கலாம்? எவ்வாறு உறுதிசெய்வீர்?

விடைக்குறிப்பு: சுற்றுவேகமும் குறைவதால் கிளச் வழுக்கவில்லை. ஓய்வின்பின் சீராவதால் எரிபொருள் வழங்கலில் தடை இருக்கலாம். தாங்கி மூடி, எரிபொருள் வடிகட்டி, பம்பியின் அமுக்கம் என்ற ஒழுங்கில் சோதிக்க வேண்டும். அவதானிப்பு, காரணம், சோதனை, பரிகாரம் என்ற நான்கு படிகளையும் வரிசையாக எழுதிப் பழகுங்கள்.