முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தன என்பதற்காகப் பிள்ளையின் முதல் நேர்முகப் பரீட்சையைக் கைவிடாதிருப்போம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரண தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பித்து மீண்டும் பெறலாம். மூலப் பத்திரத்தைக் காட்டினாற் போதும். பிரதியை மட்டும் கையளிக்க வேண்டும். 2021 முதல் 16 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

"என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் தலை குனிகிறார்கள். நீர் இறைக்கும் இயந்திரத்தைத் திருத்தியதும், வெங்காயத்தை நிறுத்து விற்றுக் கணக்குப் பார்த்ததும் அனுபவமே. அதை இரண்டு வசனங்களில் சொல்ல வீட்டிலேயே பழக்குவோம். படிப்பு ஏன் இடையில் நின்றது என்று கேட்டால், இடம்பெயர்ந்த ஆண்டையும் பின்னர் கற்றதையும் மறைக்காமற் சொல்லட்டும். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நிலத்தை விட்டு வந்தோம். அதில் கற்ற தொழிலை விட்டு வரவில்லை.